கொசுவலைப் பாவாடை

நல்லம்மாள் தீவின் மேற்குக் கோடியில் இருந்த பாலிக் புலாவில், ஜாதிக்காய்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தாறு வயதுவரை அவளுக்குக் கல்யாணம் ஆகாததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, வருஷங்கள் ஓடிவிட்டன. அம்மா கண்ணை மூடிய மறு தை மாதம், டவுனில் டிராம் கண்டக்டராக இருந்த அர்ஜுனனுக்கு அவளை இரண்டாம் தாரமாகப் பேசி முடித்தார்கள். தண்ணீர்மலைக் கோயிலில் தாலி கட்டினான். அன்று சாயங்காலமே ஒரு தகரப் பெட்டியோடு அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறைகள். கீழே சபூரா என்கிற பெண்பிள்ளை மசாலா அரைத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து மல்லியும் மிளகாயும் மணந்து மாடிவரை ஏறிவரும். மாடியில் ஜன்னலோரமாக ஒரு சின்ன மேசை. அதன் மேல் வெள்ளைத் துண்டு போட்டு மூடிய ஏதோ ஒன்று.

"அது என்ன?" என்று வந்த அன்றைக்கே கேட்டாள்.

"தையல் மிஷினு. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்றான் அர்ஜுனன்.

மீதியைச் சபூராதான் சொன்னாள். "அமிர்தத்தோட மிஷின்லா அது. இந்தச் சந்துல அவ தைச்ச துணி உடுத்தாத புள்ள கிடையாது. மகளுக்கு ஒரு மஞ்சக் கவுனு தைச்சுக்கிட்டிருந்தா. ஏழு மாச வயிறு. நடுத்தையல்ல வலி வந்து எந்திரிச்சவதான். கட்டில்ல, கொசுவலைக்குள்ள ஒரு வாரம் கிடந்தா. ஆம்பளப் புள்ள. அதுவும் தங்கல, அவளும் மௌத்தாப் போயிட்டா. ஊசி குத்துனது குத்துனபடியே இன்னும் துணியில நிக்குது. எடுக்கறதுக்கு யாருக்கும் மனசு வரல."

இறந்தவளின் மகள் வள்ளிக்கண்ணுக்கு அப்போது ஆறு வயது. கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். நல்லம்மாள் சொன்னதைச் செய்வாள், போட்டதைத் தின்பாள், தலைவாரக் கூப்பிட்டால் வந்து முதுகைக் காட்டி உட்காருவாள். ஆனால் வாய் திறந்து 'சின்னம்மா' என்றோ 'அம்மா' என்றோ கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் கொசுவலை இல்லை. டவுனில் எந்த ஏழை வீட்டிலும் முதலில் வாங்குகிற சாமான் அதுதான். "வலைக்குள்ள எனக்கு மூச்சு முட்டும்" என்று அர்ஜுனன் சொன்னான். தேங்காய் நாரில் புகை போட்டுவிட்டுப் படுத்தார்கள். காலையில் மூன்று பேர் கையும் காலும் தடித்திருக்கும்.

முதல் வருஷம் நல்லம்மாளுக்கு அந்த மேசைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, துண்டின் மேல் படாமல் திறப்பாள். மத்தியானம் சோறாக்கி முடித்துக் காலை நீட்டி உட்காருகிற நேரத்தில், யாரோ அந்த அறையில் இருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனார்கள் என்பதுபோல இருக்கும். மேசைக்கு முன்னால் கிடந்த முக்காலி சூடாக இருக்குமோ என்று தோன்றும். தொட்டுப் பார்த்ததில்லை. பயம் என்று சொல்ல முடியாது. அடுத்த வீட்டுக்குப் போய், வீட்டுக்காரர்கள் வரும்வரை உட்கார்ந்திருக்கிறோமே, அந்த மாதிரிக் கூச்சம் அது. இரண்டு வருஷமாகியும் வீட்டுக்காரி வரவில்லை. இவளுக்கும் கூச்சம் போகவில்லை.

கண்ணு கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். எட்டு வயதானபோது ஒருநாள் புத்தகப் பையை வைத்ததும் நேராக அப்பாவிடம் போனாள். பள்ளிக்கூடத்தில் விழா வருகிறதாம். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து நடனம் சொல்லிக்கொடுக்கிறாளாம். பாலே என்று பேராம். நுனிக்காலில் நிற்க வேண்டுமாம். சின்னப் பிள்ளைகள் எல்லாம் பனியாம், கண்ணுவும் ஒரு பனியாம்.

"பனின்னா என்ன?" என்றான் அர்ஜுனன்.

"ஐஸு மாதிரி. ஆனா மழை மாதிரி விழும்."

கரித்துண்டை எடுத்துத் தரையில் வரைந்து காட்டினாள். காளானைப் போல இருந்தது. இடுப்பில் ஆரம்பிக்கும் பாவாடை கீழே தொங்காமல் நாலா பக்கமும் விரிந்து நிற்க வேண்டும். வெள்ளையாக, உள்ளே இருப்பது லேசாகத் தெரிகிற துணியில், அடுக்கு அடுக்காக. வீட்டிலேயே தைத்துக்கொண்டு வரலாம், தைக்கத் தெரியாதவர்கள் தையற்கடையில் கொடுக்கலாம் என்று சிஸ்டர் சொன்னாராம்.

அர்ஜுனன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "நம்ம வீட்டுல யாரு இருக்கா இதெல்லாம் தைக்க? முடியாதுன்னு சொல்லிடு கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

பிள்ளை அழவில்லை. நல்லம்மாள் அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லாததால் எட்டிப் பார்த்தாள். கண்ணு மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். துண்டின் ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"அம்மா, எனக்கு ஒரு பாவாடை வேணும். வெள்ளையா. நிக்கணும், தொங்கக்கூடாது. சனிக்கிழமைக்குள்ள வேணும்."

சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் சாமான் சொன்னவள்போல நிம்மதியாகக் கீழே விளையாடப் போய்விட்டாள்.

மீன் வாடையடிக்கும் கையோடு நல்லம்மாள் அங்கேயே நின்றாள். இந்த வீட்டில் இருந்த இரண்டு வருஷமும் அந்தப் பிள்ளை தன்னிடம் ஒன்று கேட்காதா என்று காத்திருந்தாள். இன்றைக்கு வாய் விட்டுக் கேட்டுவிட்டது. கேட்டது இவளிடம் இல்லை. ஆனால் கேட்கப்பட்டவள் வந்து செய்யப்போவதில்லை. சனிக்கிழமை வந்துவிடும். பாவாடை இருக்காது. அன்றைக்கு அந்தப் பிள்ளை யாரைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்?

அவளுக்கு மிஷின் தெரியாமல் இல்லை. பாலிக் புலாவில் அடுத்த வீட்டு மலாய்க்காரப் பெண் நோர்மா, மலாய்ப் பெண்கள் போடும் பாஜுச் சட்டை தைத்துக் கொடுப்பாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சக்கரம் சுற்றிச் சுற்றிப் பழகியிருந்தாள்.

மறுநாள் துணி தேடினாள். சௌராஸ்தா மார்க்கெட்டில் வெள்ளைச் சாட்டின் துண்டு ஒன்று கிடைத்தது, மேல்சட்டைக்குப் போதும். பாவாடைக்கு வலைத்துணி வேண்டும். அது வெள்ளைக்காரர் கடையில்தான் இருக்கிறது என்றார்கள். அந்தக் கடை வாசலில் ஏறுகிற தைரியம் அவளுக்கு இல்லை. வீட்டில் பழைய வேட்டி ஏதாவது கிடைக்குமா என்று கட்டிலுக்கு அடியில் இருந்த மரப்பெட்டியை இழுத்துத் திறந்தாள். அமிர்தத்தின் புடவைகள் இரண்டு. அதற்குக் கீழே, நான்காக மடித்து, கற்பூர உருண்டை போட்டு வைத்த கொசுவலை. வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு கட்டிலையே மூடுகிற வலை, கஜக்கணக்கில் துணி.

அதை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மூச்சு முட்டும் என்று அவன் சொன்னதன் அர்த்தம் இப்போது புரிந்தது. வலைக்குள் அவனுக்கு எதனால் மூச்சு முட்டும் என்று இவள் ஒருதரம்கூட யோசித்துப் பார்த்ததில்லை.

கீழே எடுத்துப்போய்ச் சபூராவிடம் காட்டினாள்.

சபூரா அம்மிக் குழவியை நிறுத்தினாள். "யா அல்லா. இது அதுதானே? அவதான் இதுக்குள்ள..."

"தெரியும்க்கா."

"மையத்து எடுத்த மறுநாள் உன் புருஷன் குழாயடியில உக்காந்து, இதைத் துவைச்சாரு பாரு. பொழுதன்னைக்கும் துவைச்சாரு. நாங்க தண்ணி பிடிக்க நிக்கிறோம், அவரு எந்திரிக்கவே இல்ல. இதையா வெட்டப்போற?"

"வேற துணி இல்லக்கா. புள்ள கேட்டிருக்கு."

"புள்ளைக்கு இது போடலாமா புள்ள?"

"அது அம்மாகிட்டதான் கேட்டுச்சு" என்றாள் நல்லம்மாள்.

சபூரா மசாலாக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வலையின் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தாள். நடுவில் அங்கங்கே கிழிசலை அடைத்துப் போட்ட தையல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நட்சத்திரம்போல ஐந்து முனையாக, அத்தனை சின்னதாக. "இது அவ கை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குள் அர்ஜுனனுக்குப் பகல் முறை வந்துவிட்டது. அவன் போனதும் நல்லம்மாள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். துண்டை எடுத்தாள். கைமிஷின். கறுப்பு உடம்பில் தங்கப் பூ பாதி தேய்ந்திருந்தது. துணியை அமுக்கும் பாதத்துக்கு அடியில் மஞ்சள் துணி, சபூரா சொன்ன மாதிரியே, ஊசி இறங்கியபடி நின்றது. துணியின் மடிப்பெல்லாம் தூசிக் கோடு.

நூலை அறுத்து உருவிவிடலாம் என்று கத்திரியை எடுத்தாள். கை வரவில்லை. ஊசிக்கு முன்னால் ஒரு சாண் தையல்தான் மீதியிருந்தது. மிஷினுக்கு இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டாள். முக்காலியில் உட்கார்ந்து, சக்கரத்தைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். நூல் அறுந்துபோகும் என்றுதான் நினைத்தாள். அறவில்லை. அமிர்தம் விட்ட இடத்திலிருந்து அந்தச் சாண் தூரத்தையும் தைத்து முடித்து, முடிச்சுப் போட்டு, கவுனை வெளியே எடுத்தாள். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கான கவுன். அதைத் தட்டி மடித்துப் பெட்டியில் வைத்தாள். துரு ஏறிய ஊசியைக் கழற்றிவிட்டு, இழுப்பறையில் இருந்த புது ஊசியை மாட்டினாள்.

பிறகு வலையை வெட்டினாள். 

நீள நீளமாகக் கிழித்து, ஓரத்தில் நூல் ஓட்டி, சுருக்கிச் சுருக்கி இடுப்புப் பட்டியில் வைத்துத் தைத்தாள். அடியில் குட்டை அடுக்கு, அதற்குமேல் கொஞ்சம் நீளம், அதற்குமேல் இன்னும் நீளம். தொங்காமல் நிற்பதற்காகச் சவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி ஒவ்வோர் அடுக்கையும் முக்கி, கொடியில் விரித்துக் காயவைத்தாள். நட்சத்திரத் தையல் விழுந்த துண்டுகளை ஒதுக்கிவிட நினைத்தாள். ஒதுக்கினால் துணி போதவில்லை. சரியென்று மேலடுக்கிலேயே வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த கண்ணு, மிஷின் திறந்திருப்பதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நல்லம்மாள் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். பிள்ளை கத்துமோ, மூடச் சொல்லுமோ என்று பார்த்தாள். கண்ணு வந்து மேசைக் காலடியில் உட்கார்ந்தாள். நல்லம்மாளின் முகத்தை அவள் பார்க்கவில்லை. கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் அப்படித்தான். அப்பா வரும் நேரம் ஆனால் அவளே எழுந்து, துண்டை எடுத்து மிஷினை மூடிவிடுவாள். மூடு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாளோ என்னவோ, இடுப்பு அளவு எடுக்க நல்லம்மாள் பிள்ளையை முன்னால் நிறுத்தினாள். குண்டூசிகளை வாயோரத்தில் கடித்துக்கொண்டு பட்டியைச் சுற்றிப் பிடித்தாள். கண்ணு குனிந்து அவள் வாயைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கந்தான் வச்சுக்குவாங்க."

"யாரு?"

கண்ணு கொடியில் காய்கிற அடுக்குகளைப் பார்த்தாள். நல்லம்மாள் ஊசிகளை மெல்ல வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். நோர்மா தையல் வேலையில் ஊசியை வாயில் வைத்ததில்லை. தான் எப்போதிலிருந்து வைக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. வானம் இருட்டிக்கொண்டு, பள்ளிக்கூடமும் பாதியில் விட்டு, கண்ணு நனைந்துகொண்டு வந்துவிட்டாள். கடைசி அடுக்கு மட்டும் பாக்கி. நல்லம்மாள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே எதையோ முனகினாள். வேலை ஓடும்போது வரும் வெறும் ராகம், வார்த்தை கிடையாது. ஏறி ஏறிப் போய், ஓரிடத்தில் சட்டென்று இறங்கும். அந்த இறக்கத்துக்கு வரும்போது காலடியிலிருந்து கண்ணு சேர்ந்து பாடினாள். அவளுக்கு வார்த்தைகள் தெரிந்திருந்தன. நிலாவைக் கூப்பிட்டுச் சோறூட்டுகிற வார்த்தைகள்.

நல்லம்மாளின் கை நிற்கவில்லை. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று இருந்தது. பிள்ளை எப்போதாவது முனகியிருக்கும், நம் காதில் விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளை வாயிலிருந்து ஒரு பாட்டுக்கூட அவள் கேட்டதில்லை. மழைச் சத்தமும் சக்கரச் சத்தமும் அந்தப் பாட்டும் ஒன்றாகச் சேர்ந்து போய்க்கொண்டிருந்தன.

ஆயர் ஈத்தாம் பாதையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது என்று அன்றைக்கு டிராம் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அது இவர்களுக்குத் தெரியாது. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் தடதடவென்று கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிற சத்தம். அர்ஜுனன் அப்படி ஏறி நல்லம்மாள் கேட்டதில்லை.

"அமிர்தம்!"

நல்லம்மாள் திரும்பினாள்.

வாசலில் அவன் நின்றான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் முழுக்கச் சிரிப்பு. இருபது வயதுப் பையனின் முகம். அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்துபோயிற்று. கண், வாய், தோள் என்று ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசியில் அவளுக்குத் தெரிந்த அர்ஜுனன் நின்றான்.

இந்த வீட்டில் யாரோ நடமாடுகிறார்கள் என்று இத்தனை நாள் கூசிக்கொண்டிருந்தாளே, அப்படி வந்து நிற்பது தான்தான் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. அவனுக்கு ஒரு கணம் கிடைத்தவளை விரட்டிவிட்டு அந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பவள் தான்தான்.

அவன் பார்வை தரையில் கிடந்த வலைத் துண்டுகளுக்குப் போயிற்று.

"வெட்டிட்டியா?"

"வெட்டிட்டேன்."

குனிந்து ஒரு துண்டை எடுத்தான். கட்டைவிரலால் நட்சத்திரத்தைத் தடவினான். அதை மறுபடி எங்கே கிடந்ததோ அங்கேயே, அதே மாதிரி வைத்தான். திரும்பி, மழையிலேயே இறங்கிப் போய்விட்டான். கீழே சபூரா "அண்ணே, குடையாச்சும் எடுத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவது கேட்டது.

கண்ணு எழுந்து நின்றிருந்தாள். "அப்பா யாரைக் கூப்பிட்டாங்க?"

நல்லம்மாள் "என்னைத்தான்" என்றாள்.

பிள்ளை அதை நம்பினாளோ என்னவோ, மறுபடி காலடியில் உட்கார்ந்தாள். நல்லம்மாள் தகரப் பெட்டியைப் பார்த்தாள். பாலிக் புலாவுக்குச் சாயங்காலம் பஸ் உண்டு. அண்ணன் வீட்டுக்குப் போனால் ஏனென்று கேட்க மாட்டான். எழுந்து போய்ப் பெட்டி மூடியைத் திறந்துகூடப் பார்த்தாள். கஞ்சி காய்ந்த அடுக்குகள் கொடியில் விரிந்து காற்றில் அசைந்தன. கடைசி அடுக்கு பாதத்துக்கு அடியில், ஊசி இறங்கியபடி நின்றது. ஒருத்தி அப்படி விட்டுவிட்டுப் போனது போதாதா? பெட்டியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்தாள். இந்தத் தடவை வாயை இறுக மூடிக்கொண்டு தைத்தாள்.

அர்ஜுனன் மறுநாள் விடிந்துதான் வந்தான். தண்ணீர்மலைப் பக்கம் போயிருந்தான் போலிருக்கிறது, நெற்றியில் திருநீறு இருந்தது. குளித்தான், தின்றான், வேலைக்குப் போனான். திட்டவும் இல்லை, கேட்கவும் இல்லை. கொடியில் ஜோடித்து மாட்டியிருந்த பாவாடையை விட்டு ஒதுங்கி, அதன் மேல் படாமல் போனான்.

சனிக்கிழமை சாயங்காலம் விழா. நல்லம்மாள் கடைசி வரிசையில், ஆயாக்களோடு நின்று பார்த்தாள். திரை விலகியதும் வெள்ளை வெள்ளையாகப் பிள்ளைகள் நுனிக்காலில் வந்தார்கள். மற்றவர்களின் பாவாடைகள் கடைத்துணி, பளபளத்தன. கண்ணுவின் பாவாடை பளபளக்கவில்லை. ஆனால் ஒரு இம்மிகூடத் தொங்காமல் நின்றது. சுற்றும்போது விளக்கு வெளிச்சத்தில் மேலடுக்கின் நட்சத்திரங்கள் தெரிந்தன. அதற்கென்றே வைத்துத் தைத்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். பியானோ ஏறி இறங்கியது. நல்லம்மாள் பாவாடையைப் பார்க்கவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால், வேறு யாராவது தெரிகிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் கண்ணுவின் செருப்பை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள். நடனம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரப் பெண்மணி குனிந்து, கண்ணுவின் மேலடுக்கை விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டாள். பக்கத்தில் நின்ற சிஸ்டர் அதைத் தமிழில் கேட்டார்.

"இவ்வளவு அழகா யார் தைச்சாங்க?"

"எங்கம்மா" என்றாள் கண்ணு.

நல்லம்மாள் அங்கேதான், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றாள். பிள்ளை அவள் பக்கம் பார்க்கவில்லை. எந்த அம்மா என்று நல்லம்மாள் அன்றைக்கும் கேட்கவில்லை, பின்னால் எந்த நாளிலும் கேட்கவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து செருப்பை மாட்டிவிட்டாள். கால் தூக்க வசதியாக, கண்ணு அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் மிஷினை யாரும் மூடவில்லை. சந்துப் பெண்கள் ஒவ்வொருவராக ரவிக்கையும் கவுனும் கொண்டுவந்து கொடுத்தார்கள். "அமிர்தம் கை மாதிரியே இருக்கு" என்றார்கள். நல்லதாகத்தான் சொன்னார்கள். நல்லம்மாளும் சிரித்துக்கொண்டு வாங்கி வைத்தாள்.

அர்ஜுனன் மட்டும் ஒன்று பழகிக்கொண்டான். வேலை முடிந்து வரும்போது, கீழ்ப்படியில் காலை வைக்கும் முன்பே சத்தமாக இருமுவான். சளி கிடையாது, ஒன்றும் கிடையாது. சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டால் இன்னும் பலமாக இருமுவான். நல்லம்மாள் உடனே கையை எடுத்துவிடுவாள். வீடு சத்தமில்லாமல் இருக்கும். அவன் ஒவ்வொரு படியாக ஏறி வந்து, வாசலில் நின்று, முக்காலியில் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒருதரம் பார்ப்பான். பிறகு தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். மாட்டிய பிறகுதான் அவள் மறுபடி சக்கரத்தைச் சுற்றுவாள்.